முகவுரைகளில் எழுதப்பட்ட பெயர்கள்

சில ஆண்டுகளுக்கு முன்னர் கொழும்பில் நடைபெற்ற நூல் வெளியீட்டு விழாவொன்றுக்குச் சென்றிருந்தேன். வெளியிடப்பட்ட நூல் எது என்பது இங்கு முக்கியமன்று. மேடையில் பேசிய அன்பர் ஒருவர், பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த பெருமை முழுவதும் எங்கள் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை ஒருவருக்கே உரியது என்றும், அந்தப் பெருமையை உ. வே. சாமிநாதையர் தட்டிப் பறித்துக்கொண்டார் என்றும் முழங்கினார். சபையில் பலத்த கரகோஷம் எழுந்தது. நானும் கைதட்டினேன். ஊர்ப்பாசம் யாரைத்தான் விட்டது?

எனக்குப் பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் மாத்திரம் கைதட்டவில்லை. விழா முடிந்து தேநீர் அருந்தும்போது என்னை மெதுவாக அழைத்து, "தம்பி, உந்த ரெண்டு பேரும் எழுதின முகவுரையளை நீர் வாசிச்சிருக்கிறீரோ?" என்று கேட்டார்.

தமிழை ஒரு பாடமாகக் கற்றுக் கலைமாணிப் பட்டம் பெற்றவன் நான். பத்திரிகைத் துறையில் மூன்று தசாப்தங்களுக்கு மேல் குப்பை கொட்டியவன். ஆயினும் உண்மையைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. "இல்லை மாஸ்டர்" என்றேன்.

"அப்ப வாசிச்சுப்போட்டுக் கைதட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதன் பின்னர் சென்னைக்குச் சென்றிருந்த வேளையில் கேட்ட ஒரு சொற்பொழிவு இதற்கு நேர்மாறாக இருந்தது. அங்கு பேசியவர், ஏட்டுச்சுவடிகளின் கதையைச் சாமிநாதையரில் தொடங்கிச் சாமிநாதையரிலேயே முடித்தார். ஆறுமுக நாவலரின் பெயரோ தாமோதரம்பிள்ளையின் பெயரோ ஒரு தடவைதானும் உச்சரிக்கப்படவில்லை. அங்கும் கரகோஷத்துக்குக் குறைவில்லை. இரண்டு கரகோஷங்களையும் கேட்ட பின்னர்தான் மாஸ்டர் சொன்ன முகவுரைகளைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

முதலில் தாமோதரம்பிள்ளை. 1832ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்தவர். வட்டுக்கோட்டைச் செமினரியில் கற்றவர். பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் அழைப்பை ஏற்றுச் சென்னை சென்று 'தினவர்த்தமானி' பத்திரிகையின் ஆசிரியராகப் பணியாற்றியவர் என்ற வகையில் என்னைப் போன்ற பத்திரிகைக்காரர்களுக்கு அவர் முன்னோடியுமாவார். 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருமே யாழ்ப்பாணத்தவர்கள். ஒருவர் கறல் விசுவநாதபிள்ளை, மற்றவர் தாமோதரம்பிள்ளை. பின்னர் சட்டப் பட்டமும் பெற்றார். அரசாங்கக் கணக்குச் சாலையில் உயர் பதவி வகித்தார். ஓய்வுபெற்றுக் கும்பகோணத்தில் வழக்கறிஞராக விளங்கினார். புதுக்கோட்டை நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் அமர்ந்தார். 1895இல் 'ராவ்பகதூர்' பட்டமும் கிடைத்தது. தலைக்கனம் கொள்வதற்கு ஒரு மனிதனுக்கு இவற்றில் பாதியே போதுமானது.

1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையுடன் அச்சாயிற்று. அதனை வெளியிட்டவர் தாமோதரம்பிள்ளை. ஆனால் பாடத்தைப் பரிசோதித்தவர் ஆறுமுக நாவலர் என்பது நூலின் முகப்பிலேயே பொறிக்கப்பட்டது. பல்கலைக்கழகப் பட்டமும் உத்தியோகமும் தம்மிடமிருக்க, அத்தகைய பல்கலைக்கழகப் பட்டமெதுவும் பெறாத நாவலரைத் தமக்கு மேலே வைத்தார் பிள்ளை. நாவலர் 1879இல் மறைந்த பின்னரே அவர் தாமே பரிசோதித்துப் பதிப்பிக்கும் பெரும்பணியில் முழுமூச்சாக இறங்கினார். 1881இல் வீரசோழியம், 1883இல் இறையனார் அகப்பொருள், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை, 1889இல் சூளாமணி என்று அந்த வரிசை நீளுகின்றது.

இந்தப் பதிப்புகளின் முகவுரைகளை வாசித்தபோது என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அவர் தம்மைப் பற்றிச் சொல்லும் இடந்தான். பண்டிதர், புலவர், மகாவித்துவான் முதலான பட்டங்களாகிய சுமையைத் தாம் தலையில் ஏற்றிக்கொள்ளவில்லை என்றும், தாம் இன்னமும் தமிழ் படிக்கின்ற மாணாக்கர் கூட்டத்தைச் சேர்ந்தவரே என்றும் எழுதுகிறார். இது வெறும் அவையடக்கமன்று. அதன் பின்னால் ஒரு கணக்கு இருக்கின்றது. பழைய நூலொன்றை முதன்முதலாக அச்சிடுபவன் பிழை விடுவது தவிர்க்க முடியாதது. பெயர் பெற்ற வித்துவான்கள் அந்தப் பிழைக்கு அஞ்சி ஒதுங்கியிருந்தார்கள். ஏடுகளோ யாருக்காகவும் காத்திருக்கவில்லை. கட்டை அவிழ்க்கும்போதே ஓரங்கள் ஒடிந்து விழும் ஏடுகளின் நிலையைக் கலித்தொகைப் பதிப்பின் முகவுரையில் அவர் விவரிக்கும் விதம் எவரையும் கலங்கச் செய்யும். இந்த நிலையில், தவறினால் மாணாக்கன்தானே தவறினான் என்று உலகம் மன்னித்துவிடும் என்ற துணிவோடு அவர் களத்தில் இறங்கினார். பணிவு என்பதை நாம் பெரும்பாலும் பின்வாங்கி நிற்பதாகவே விளங்கிக்கொள்கிறோம். பிள்ளையவர்களிடத்தில் அது முன்னே போவதற்கான துணிச்சலாக இருந்தது. தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885இல் நமக்குக் கிடைத்ததற்கு அந்தத் துணிச்சலே காரணம்.

பிரதிகளைத் தேடித் தந்தவர்களையும் அவர் மறக்கவில்லை. எந்தப் பிரதி யாரிடமிருந்து கிடைத்தது என்பதை எழுதி வைக்கிறார். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது சாம்பரானவற்றுள் ஏட்டுச்சுவடிகளும் அடங்கும். ஏடு போய்விட்டாலும், அதை வைத்திருந்தவன் யார், கேட்டவுடன் கொடுத்தவன் யார் என்ற விவரமாவது ஒரு முகவுரையில் எஞ்சியிருந்தால் அது எவ்வளவு பெரிய சாசனம் என்பதை நாங்கள் அனுபவத்தால் அறிவோம்.

இனிச் சாமிநாதையர். 1855இல் பிறந்தவர். திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம், 1876இல் அவர் மறையும் வரை, நிழல்போல உடனிருந்து பயின்றவர். 1880இல், இருபத்தைந்தாவது வயதில், கும்பகோணம் கல்லூரியின் தமிழாசிரியரானார். அந்தப் பதவி கிடைத்த வரலாறு தனியாகச் சொல்லத்தக்கது. அப்பதவியில் இருந்தவர் தியாகராச செட்டியார். அவரும் மகாவித்துவானின் மாணவரே. வயதில் மிக மூத்தவர். கண்டிப்புக்குப் பெயர்போனவர். தாம் ஓய்வுபெற நேர்ந்தபோது திருவாவடுதுறை ஆதீனத்துக்குத் தாமே சென்று, அங்கிருந்த இளைஞரான சாமிநாதையரைத் தமக்குப் பின் அனுப்பிவைக்குமாறு சுப்பிரமணிய தேசிகரிடம் கேட்டுப் பெற்றார். தன் நாற்காலியில் தன்னைவிடக் கெட்டிக்காரன் அமர வேண்டும் என்று அலைந்த மனிதரைப் பற்றி நமது அலுவலகங்களில் எவராவது கேள்விப்பட்டதுண்டா?

அதே ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி நடந்த சந்திப்பைத் தமிழ் படித்தவர்களுள் பெரும்பாலோர் அறிவர். கும்பகோணத்துக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கச் சென்றார் புதிய தமிழாசிரியர். யாரிடம் படித்தீர்கள் என்று முதலியார் கேட்டார். மகாவித்துவானின் பெயரைச் சொன்னதும் முதலியார் வியந்து எழுந்து நிற்பார் என்று எதிர்பார்த்தார் இளைஞர். முதலியாரிடம் ஓர் அசைவும் இல்லை. என்னென்ன படித்தீர்கள் என்ற கேள்விக்கு அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், உலாக்கள் என்று நீண்ட பட்டியலை ஒப்புவித்தார். இவற்றால் என்ன பயன் என்று முதலியார் கேட்டுவிட்டார். சீவக சிந்தாமணியையும் மணிமேகலையையும் சிலப்பதிகாரத்தையும் படித்திருக்கிறீரா என்பதே அவர் அறிய விரும்பியது.

படித்ததில்லை. அவருடைய ஆசிரியரே படித்ததில்லை.

இந்தச் செய்தி நமக்கு எப்படித் தெரியும் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அந்த அறையில் இருந்தவர்கள் இருவர். தமிழுலகம் முழுவதும் போற்றிய முதுமைப் பருவத்தில், 1940இல் ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கிய 'என் சரித்திரம்' தொடரில், சாமிநாதையர் தாமே இதை எழுதுகிறார். தம் பெருமிதம் உடைந்த நாளை அவர் மறைத்திருந்தால் கேட்பதற்கு ஆளில்லை. மறைக்கவில்லை. தமது வாழ்வின் திசையை மாற்றிய பெருமையை ஒரு முன்சீப்புக்குக் கொடுத்து, அந்தப் பெயரை அழியாமற் செய்துவிட்டார். சேலம் இராமசாமி முதலியார் என்ற பெயரை இன்று நாம் அறிந்திருப்பதற்கு அவர் வகித்த உத்தியோகம் காரணமன்று.

முதலியார் கொடுத்த சிந்தாமணிப் பிரதியைப் பிரித்துப் பார்த்தபோது மற்றொரு சங்கடம் காத்திருந்தது. அது சமண காவியம். சைவ மடத்தில் வளர்ந்தவருக்கு அதிலுள்ள சமயக் கலைச்சொற்கள் விளங்கவில்லை. தெரிந்த வித்துவான்களைக் கேட்டார், அவர்களுக்கும் தெரியவில்லை. ஊகித்துப் பொருள் எழுதியிருக்கலாம். அக்காலத்தில் அதைப் பிழையென்று காட்டக்கூடியவர்கள் மிகச் சிலரே. ஆனால் அவர் கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களின் வீட்டுக்கு ஏட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தார். முதல் நாள் சென்றபோது வீட்டு வாயிலில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்ததாம். என்ன விசேடம் என்று கேட்டார். ஆறு மாதமாக வாசித்து வந்த சிந்தாமணி அன்று பூர்த்தியாகின்றது என்று பதில் வந்தது.

கல்லூரித் தமிழாசிரியர் எவருக்கும் தெரியாத ஒரு நூல், வியாபாரம் செய்யும் ஒரு குடும்பத்தின் வீட்டில் உயிரோடு இருந்தது! தமிழ்ப் புலமை எங்கே குடியிருக்கிறது என்பது பற்றி நம்மிடம் உள்ள நினைப்பையெல்லாம் இந்த ஒரு காட்சி புரட்டிப்போட்டுவிடுகின்றது. வீடூர் அப்பாசாமி நயினார், சந்திரநாத செட்டியார் ஆகிய சமண அன்பர்களிடம் அவர் மாணவராக அமர்ந்து கேட்டார். நாட்கணக்கிலன்று, ஆண்டுக்கணக்கில். 1887இல் சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையுடன் வெளிவந்தபோது பிரதி கொடுத்தவர்களும் பொருள் சொன்னவர்களும் பணம் உதவியவர்களும் அந்நூலில் இடம்பெற்றார்கள். உதவியவர்களுள் கொழும்பைச் சேர்ந்த பொ. குமாரசாமி முதலியாரும் ஒருவர் என்பதை நம்மவர்கள் நினைவிற்கொள்வது நன்று. பொன்னம்பலம் இராமநாதன், அருணாசலம் ஆகியோரின் சகோதரர் அவர்.

மணிமேகலையின் கதையும் இதே போன்றதுதான். அதன் சமயக் கருத்துகள் பிடிபடாமல் திண்டாடியபோது, அது பௌத்த நூல் என்பதை உணர்ந்து, பௌத்தக் கொள்கைகளை விளக்கித் துணை நின்றவர் மளூர் ரங்காசாரியர். பேராசிரியரான அவர் ஆங்கிலத்தின் வழியாகப் பௌத்தம் பற்றிய நூல்களைக் கற்றிருந்தார். சைவ மடத்து மாணவர் ஒருவர், வைணவர் ஒருவரிடம் பாடம் கேட்டு, பௌத்தக் காப்பியம் ஒன்றை 1898இல் தமிழருக்கு மீட்டுத் தந்தார். அந்த உதவியும் எழுத்தில் பதிவாயிற்று.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல என் மனம் இடந்தரவில்லை. 1990களின் முற்பகுதி. நான் அப்போது இளைஞன். ஆசிரிய பீடத்தில் புதியவன். கிழக்கிலிருந்து பிரதேச நிருபர் ஒருவர் இடம்பெயர்ந்த மக்களைப் பற்றிப் பதினெட்டுப் பக்கங்கள் கையால் எழுதி அனுப்பியிருந்தார். தபால் ஒழுங்காக நடக்காத காலம். லொறிச் சாரதி ஒருவர் கையில் கொடுத்தனுப்பிய கடிதவுறை அது. எழுத்து நடை கரடுமுரடானது, தகவல்களோ பொன். நான் அதைச் செப்பனிட்டேன். தலைப்புப் போட்டேன். ஞாயிறு இதழில் முழுப்பக்கக் கட்டுரையாக வந்தது. பெயர் என்னுடையது. 'தகவல்: எமது நிருபர்' என்ற ஒரு வரியைக்கூட நான் சேர்க்கவில்லை. இடம் போதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கட்டுரைக்குப் பாராட்டுகள் குவிந்தன. இரண்டு வாரங்களின் பின்னர் அவரிடமிருந்து அடுத்த கடிதவுறை வந்தது. முதல் வரி: தங்கள் கட்டுரை மிகவும் நன்றாக இருந்தது.

அதில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் இப்போது இல்லை. இதை எழுத முற்பட்டபோது அவருடைய பிள்ளைகளைத் தொடர்புகொண்டு, பெயரை வெளியிடலாமா என்று கேட்டேன். இனி எதற்கு அங்கிள் என்றார்கள். ஆகவே இங்கும் அவர் பெயரில்லாமலே இருக்கிறார். உரிய காலத்தில் எழுதாத பெயரைப் பின்னர் எழுதுவது அவ்வளவு எளிதன்று.

மாஸ்டர் எழுப்பிய கேள்விக்குத் திரும்புகிறேன். தாமோதரம்பிள்ளைக்கும் சாமிநாதையருக்கும் இடையே பிணக்கே இருக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. இருவரும் ஒரே காலத்தில் கும்பகோணத்தில் வாழ்ந்தார்கள், பழகினார்கள். சிந்தாமணியைத் தாம் பதிப்பிப்பதாகவும் அதைத் தம்மிடம் தந்துவிடுமாறும் பிள்ளை கேட்டார். ஒருமுறையன்று, வற்புறுத்திக் கேட்டார். பதிப்பு அனுபவமும் செல்வாக்கும் பிள்ளையிடம் இருந்தன. ஐயரிடமோ பல ஆண்டு உழைப்பு இருந்தது. ஐயர் கொடுக்கவில்லை. என் சரித்திரத்தில் இந்நிகழ்ச்சியை அவர் எழுதியுள்ள விதத்தில் மனத்தாங்கலின் சாயல் தெரிகின்றது. அப்பகுதியை வாசித்த யாழ்ப்பாணத்தவர் பலருக்கு அதனால் வருத்தமும் உண்டு. பதில் சொல்லப் பிள்ளை உயிரோடில்லாத காலத்தில், நாற்பது ஆண்டுகள் கழித்து அது எழுதப்பட்டது என்பதும் உண்மையே. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், சிந்தாமணியைத் தர மறுத்தது முற்றிலும் நியாயம். அதைச் சொன்ன முறையில் இன்னும் சற்றுத் தாராளம் இருந்திருக்கலாம். தமக்குப் பாடஞ்சொன்ன சமண வணிகருக்கு அவர் வழங்கிய தாராளத்தைச் சக பதிப்பாசிரியர் ஒருவருக்கு வழங்குவது கடினமாக இருந்திருக்கின்றது. நமக்குக் கீழே இருப்பவர்கள் என்று உலகம் கருதுவோரைப் பாராட்டுவது ஒருவகையில் சுலபம். பக்கத்து ஆசனத்தில் இருப்பவனைப் பாராட்டுவதில்தான் நாக்கு ஒட்டிக்கொள்கின்றது. பத்திரிகைக்காரனாகிய எனக்கு இது நன்றாகவே விளங்குகின்றது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1901ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி தாமோதரம்பிள்ளை சென்னையில் காலமானார். அப்போது இரங்கற்பா பாடியவர்களுள் சாமிநாதையரும் ஒருவர். தொல்காப்பியம் முதலான தொன்னூல்களை அச்சேற்றியவர் என்று எதனை முதலிற் சொல்ல வேண்டுமோ அதனை முதலிற் சொல்லி, அந்தத் துயரத்தை அளவிட்டுரைக்கத் தம்மால் இயலாது என்று முடித்தார். மேடையில் முழங்கிய நம் அன்பர் அந்த நான்கு வரிகளை ஒருமுறை வாசித்திருக்கலாம்.

சாமிநாதையர் பின்னர் சென்னைக்குக் குடிபெயர்ந்து, திருவேட்டீசுவரன்பேட்டையில் தமக்கென்று ஒரு வீட்டை உரிமையாக்கிக்கொண்டார். மகாமகோபாத்தியாயப் பட்டமும், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கலாநிதிப் பட்டமும் பெற்றவர் அந்த வீட்டுக்கு இட்ட பெயர் 'தியாகராஜ விலாஸம்'. கும்பகோணத்து நாற்காலியை விட்டுக்கொடுத்த அதே தியாகராச செட்டியாரின் பெயர். தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம்பிள்ளையின் சரித்திரத்தை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். அதன் பின்னரே தம் சரித்திரத்தை எழுத உட்கார்ந்தார். அந்த வீட்டை 2012இல் இடித்துவிட்டார்கள்.

1942 ஏப்ரில் 28ஆம் திகதி அவர் மறைந்தபோது என் சரித்திரம் முற்றுப்பெறாமல் நின்றது. எஞ்சிய வாழ்க்கையை அவருடைய மாணவர் கி. வா. ஜகந்நாதன் 'என் ஆசிரியப்பிரான்' என்ற நூலில் எழுதினார். ஐயர் எழுதியது மணிமேகலைப் பதிப்புக் காலத்தோடு, 1901க்கு முன்னரே, நின்றுவிடுகின்றது. தாமோதரம்பிள்ளை மறைந்த நாளுக்கு அவர் வந்து சேரவே இல்லை. வந்திருந்தால் கும்பகோணத்து மனத்தாங்கலைப் பற்றி இன்னும் இரண்டு வரி எழுதியிருப்பாரோ என்று மாஸ்டரிடம் ஒருநாள் கேட்டேன்.

"அந்தப் பாட்டு இருக்கல்லோ தம்பி" என்றார்.